பால்வெட்டுக்கு எத்தனை ஃபிரேம்?

மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. பிலெம் நெகாரா மலேசியாவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்த ஆனந்தம் சேவியர் உருவாக்கியது. கதாநாயகன் நாம் எல்லாரும் மலாய்ப் பாடப்புத்தகத்தில் சந்தித்த அதே சருகுமான்தான். படவேலை முடிந்தது 1978இல். தொலைக்காட்சியில் மக்கள் பார்த்தது 1983இல்.

அனிமேஷன் டிப்ளோமாவின் முதல் செமஸ்டரில் இந்தத் தகவல் ஒரே ஒரு ஸ்லைடாக வந்து போனது. அடுத்த ஸ்லைடு 1998இல் வந்த 'சீலாட் லாகெண்டா', நாட்டின் முதல் முழுநீள அனிமேஷன் படம். அதற்கடுத்து 2007இல் 'உப்பின் இப்பின்'. வகுப்பில் நாங்கள் நான்கு தமிழ் மாணவர்கள். ஆனந்தம் சேவியர் என்ற பெயர் திரையில் வந்தபோது நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பெயர் எங்கள் தாமான் தேவாலயத்தின் கல்யாணப் பத்திரிகையில் வருகிற பெயர் மாதிரி இருந்தது. அதற்குள் ஸ்லைடு மாறிவிட்டது.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதல்ல. அந்த ஸ்லைடில் இருந்த இரண்டு வருடங்கள்தான் என்னைத் தொந்தரவு செய்தன. 1978, 1983. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அதே வாரம்தான் எங்களுக்கு இன்பிட்வீன் சொல்லிக் கொடுத்தார்கள்.

அனிமேஷன் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒருவர் கையைத் தூக்குகிறார் என்றால், கை கீழே இருக்கும் ஓவியம் ஒன்று, மேலே போய் நின்ற ஓவியம் ஒன்று. இவை கீ டிராயிங். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் கை தாவும், தூக்காது. நடுவில் வரைகிற ஓவியங்கள்தான் இன்பிட்வீன். நடுவில் உள்ளவை ஆரம்பத்தில் நெருங்கிக் கிடந்தால் கை தயங்கித் தூக்குகிறது. சீராக இருந்தால் இயந்திரம் மாதிரி தூக்குகிறது. முடிவில் நெருங்கினால் எதையோ மெதுவாகத் தொடப் போகிறது. கீ டிராயிங் இரண்டும் ஒன்றேதான், நடுவில் இருப்பதை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார். இதற்கு ஸ்பேசிங் என்று பெயர். நான் இந்தப் படிப்பில் கற்றுக்கொண்டதிலேயே பெரிய விஷயம் இதுதான். மாயா, பிளெண்டர் எல்லாம் யூடியூப் பார்த்தே ஓரளவு கற்றுக்கொள்ளலாம்.

பள்ளியில் நாங்கள் படித்த தோட்ட வரலாற்றை இப்போது நினைத்துப் பார்த்தால் அது முழுக்க கீ டிராயிங்தான். 1896, மலாக்காவில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். 1907, தமிழ்க் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. 1910, ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. அதே வருடம் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. 1938, உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் இங்கே அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. பிறகு ஜப்பான்காரன், சயாம் ரயில், 1957. ஆண்டுக்கு ஆண்டு தாவல். நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று தோட்டம் தோட்டமாக மூன்று தலைமுறை விடியற்காலையில் எழுந்து என்னதான் செய்துகொண்டிருந்தது? மரம் வெட்டினார்கள் என்பது ஒரு வரி. எப்படி வெட்டினார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு வரலாற்று ஆர்வத்தால் வரவில்லை, ஒரு அசைன்மெண்டால் வந்தது. ஏதாவது ஒரு தொழிலின் அசைவை 15 நொடியில் காட்ட வேண்டும், கையால் வரைந்து. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியம், மொத்தம் 180. வகுப்பில் தே தாரிக் இழுப்பதை மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள், ரொட்டி சானாய் வீசுவதை இரண்டு பேர். நான் பால்வெட்டு என்று எழுதிக் கொடுத்தேன். பாட்டி சிலியாவ் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் முப்பது வருடம் மரம் வெட்டியவர், அதனால் சுலபம் என்ற கணக்கு.

முதலில் இணையத்தில் தேடினேன். கிடைத்த காணொளிகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி. கத்தி பட்டையில் போகும் குளோசப், வெள்ளையாகப் பால் வழியும், மங்கில் சொட்டும். அப்புறம் நேராக டயர். வெட்டுகிற ஆளின் கால் எங்கே நிற்கிறது, இடது கை என்ன செய்கிறது, அடுத்த மரத்துக்கு எப்படித் திரும்புகிறார் என்று ஒன்றும் தெரியாது. அனிமேஷன் செய்கிறவனுக்குக் கால்தான் முதலில் வேண்டும். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு உருவத்தை நிற்க வைக்கவே முடியாது. கேமரா கையையும் பாலையும் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை.

புத்தகங்களில் பட்டையைப் பற்றி நிறைய இருக்கிறது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைச் சோதித்துக் கண்டார். புதிதாகக் காயம் போடாமல் பழைய வெட்டையே ஒவ்வொரு முறையும் மெல்லச் சீவித் திறப்பது. 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதை மில்லிமீட்டர் கணக்குக்குக் கொண்டுவந்தது. மரத்தின் பாதிச் சுற்றுக்கு ஒரு கோடு. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் தாழ இறங்க வேண்டும், ஏனென்றால் பட்டைக்குள் பால் குழாய்கள் எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன, இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். சரிவு 25லிருந்து 30 டிகிரி. ஒரு சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். உள்ளே மரத்தை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட வேண்டும், அதைத் தொட்டால் மரம் காயப்பட்டுக் கட்டி விழும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. விடிவதற்குள் வெட்டினால் நல்லது, குளிர்ச்சியில் பால் அழுத்தம் அதிகம்.

எல்லாம் மரத்தைப் பற்றி. ஒன்றரை மில்லிமீட்டரை இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், ஒரு மனிதக் கை எப்படி அளந்தது என்பதற்கு அங்கே ஒரு வரி இல்லை.

பாட்டி இப்போது சிரம்பானில் எங்களோடு இருக்கிறார். வயது 74. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நாற்காலியை நகர்த்திவிட்டு, சுவரில் டேப் ஒட்டிக் கட்டம் போட்டேன் (அசைவின் அளவு எடுக்க இது வசதி). தூணுக்குப் பதில் தண்ணீர் ட்ரம். உளிக்குப் பதில் மரக்கரண்டி. போனை முக்காலியில் நிறுத்தினேன்.

"பாட்டி, மரத்துக்கிட்ட போனதும் மொதல்ல எந்தக் கை போகும்?"

"கையா? மொத போறது கண்ணு. நேத்து வெட்டு எங்க நிக்குதுன்னு பாக்க வேணாமா?"

வகுப்பில் இதைத்தான் கண் முன்னே, தலை பின்னே, உடம்பு அதற்கும் பின்னே என்று ஒரு மணி நேரம் நடத்தினார்கள். டிஸ்னியின் பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய பெரிய புத்தகத்தை வைத்து நடத்திய பாடம் அது. பாட்டிக்கு அந்தப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை.

அடுத்து இடது கை. முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நுனியில் பிடித்து ஒரே இழுப்பாக உரித்து இடுப்புப் பைக்குள் போட வேண்டும். பிறகு மங்கைத் துடைத்துத் திருப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் உளி. நான் நினைத்து வைத்திருந்தது ஒரே நீளக் கோடு, வில் வாசிப்பது மாதிரி. பாட்டி அப்படிச் செய்யவில்லை. சின்னச் சின்ன இழுப்பு, ஒன்றோடு ஒன்று ஒட்டி, சத்தமே ஒரு தாளமாக வரும் என்றார். இன்னொரு ஆச்சரியம், மணிக்கட்டு அசையவே இல்லை. முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தது. அசைந்தது கால். மரத்தைச் சுற்றிப் பின்பக்கமாக அடிமேல் அடி வைத்து நகர, அந்த நகர்வில் உளி தானாக இறங்கியது.

"கையால வெட்டுனா காயம் விழும். காலால வெட்டணும்."

இந்த வரியை நான் எந்த ரப்பர் கையேட்டிலும் பார்க்கவில்லை. ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்தபோது அது அப்படியே உண்மை. தோளும் முழங்கையும் ஒரே இடத்தில் பூட்டிக் கிடக்க, இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு நடனம். 74 வயதில், தண்ணீர் ட்ரம்மைச் சுற்றி.

ஒரு மரம், அடுத்த மரத்துக்கு நடப்பது உட்பட, அரை நிமிடம். பாட்டியின் நிரையில் 400 மரம். ஆக 12,000 நொடி, மூன்று மணி இருபது நிமிடம். வருடம் 250 நாள் என்றால் ஒரு லட்சம் மரம். முப்பது வருடத்துக்கு முப்பது லட்சம் வெட்டு. என் 180 ஓவியத்துக்கே விரல் வீங்கிப் போயிருந்தது, அதனால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மாதம் பதினைந்து வெட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பட்டை கீழிறங்கும். தோட்டத்தில் பட்டை மேலேயே மாதக் கணக்குக்கு அடையாளம் போட்டு வைப்பார்கள், அதற்கு மேல் போனால் பேச்சு விழும். அந்தப் பட்டை மீண்டும் வளரும். ஆனால் காயம் பட்ட இடம் கட்டியாக அப்படியே இருக்கும். ஒரு மரத்தின் மேலிருந்து கீழே விரலால் தடவினால் எந்த மாதம் கை பதறியது என்று தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சலோ, வீட்டில் சண்டையோ, புது ஆளோ, ஏதோ ஒன்று. எழுத்தறியாத ஒரு தலைமுறையின் நாட்குறிப்பு அது என்று சொன்னால் மிகை இல்லை. அந்த மரங்களை 25, 30 வருடத்துக்கு ஒருமுறை சாய்த்துவிட்டார்கள். பிறகு அந்த இடத்தில் செம்பனை. சாய்த்த கித்தா மரம் நாற்காலியும் மேசையுமாக ஏற்றுமதி ஆனது.

அசைவை ஃபிரேம் ஃபிரேமாக உடைத்துப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது எனக்குக் கொஞ்சம் கசப்பாகிவிட்டது. 1878இல் மைபிரிட்ஜ் குதிரை ஓட்டத்தை வரிசையாகக் கேமராக்கள் வைத்துப் படமெடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. 1882இல் பிரான்சில் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்து பறவைகளைச் 'சுட்டார்'. இதுவரை அழகு. அடுத்து வருகிறவர் அமெரிக்காவின் பிராங்க் கில்பிரெத். தொழிலாளியின் விரலில் சிறு மின்விளக்கைக் கட்டி, கை போகும் பாதையை ஒளிக்கோடாகப் படமெடுத்தார். பின்னால் கட்டம் போட்ட திரை, பக்கத்தில் கடிகாரம். செங்கல் அடுக்குவதில் இருந்த 18 அசைவுகளை நாலரையாகக் குறைத்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். (அந்த அரை அசைவு என்ன என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.) மிச்சமான அசைவுகளுக்குப் பதிலாகத் தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கும் என்றுதான் அவர் நம்பினார். பல தொழிற்சாலைகளில் கிடைத்தது கூடுதல் செங்கல்.

கட்டம் போட்ட திரை. என் வீட்டு ஹால் சுவரில் நான் ஒட்டிய டேப்.

தோட்டத்தில் இந்தக் கேமரா வரவில்லை, தேவைப்படவும் இல்லை. நிரை நிரையாகப் பிரித்து, ஆளுக்கு இத்தனை மரம் என்று கணக்குப் போட்டு, பெரட்டில் பேர் கூப்பிட்டு, வெட்டிய மரத்தை மண்டோர் பின்னால் வந்து பார்த்து, காயத்துக்குத் திட்டு வாங்கி என்று அசைவை அளக்கிற வேலை அங்கே வேறு வழியில் நடந்தது. ஆக, அசைவைப் பிரித்துப் பார்க்கும் கண் முதலாளியின் கண்ணாகவும் இருந்திருக்கிறது. நான் கற்றுக்கொண்ட திறமையின் ஒரு பாட்டன் அவர். அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே வித்தியாசம் என்னவென்றால், என் படப்பிடிப்பில் நாலாவது தடவை "இன்னொரு வாட்டி" என்று கேட்டபோது பாட்டி "போதும், முட்டி வலிக்குது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மண்டோரிடம் அதைச் சொல்லியிருக்க முடியாது.

உட்கார்ந்தபின் பேசியதுதான் முக்கியமானது. பாடப்புத்தகம், கையேடு எல்லாவற்றிலும் வேலைநாள் இப்படி இருக்கும்: விடியலில் வெட்டு, பால் வடியக் காத்திருத்தல், பிறகு பால் எடுத்தல். நடுவில் உள்ள அந்தக் 'காத்திருத்தல்' எனக்கு ஒரு வெறும் ஃபிரேமாகத் தெரிந்தது. மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவார்கள் என்று நானே ஒரு காட்சியும் யோசித்து வைத்திருந்தேன்.

"பசியாறுறதா? ஆம்பளைங்க பசியாறுவாங்க. உங்கப்பன் அப்ப ஆயாக் கொட்டாய்ல கெடந்தான், மூணு மாசம். தீம்பாருலருந்து ஓடணும். பால் குடுத்துட்டுத் திரும்ப ஓடியாரணும். மங்கு நெறஞ்சு வழிஞ்சுட்டா யாரு காசு குடுப்பா?"

ஒரு பால் வடிந்துகொண்டிருக்க இன்னொரு பாலுக்கு ஓட்டம். பாட்டி இதை எந்த உருவகமாகவும் சொல்லவில்லை, எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு "ரெண்டு மலை" என்றார். தோட்டக் கணக்கில் இந்த ஓட்டம் எங்கேயும் இல்லை, அது கூலி இல்லாத நேரம். இரண்டு கீ டிராயிங்குக்கு நடுவில் கிடந்த ஒரு பெண்ணின் முழு நாள். தோட்டத்து நாவல்களும் சிறுகதைகளும் நம்மிடம் நிறைய இருக்கின்றன, மலேசியத் தமிழ் இலக்கியத்தின் முதுகெலும்பே அவைதான். துரையும் கிராணியும் கங்காணியும் சம்சுவும் சயாம் ரயிலும் அவற்றில் உண்டு. இந்த ஓட்டத்தைத் தேடி நான் திரும்பவும் அவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு நடை. அனிமேஷன் மாணவன் முதல் மாதம் செய்வது வாக் சைக்கிள். சாதாரண நடை என்றால் ஓர் அடிக்கு 12 ஃபிரேம், தலை அலை மாதிரி ஏறி இறங்கும். பால் வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் வைத்து நடக்கும் நடையை நான் அதே அலையோடு வரைந்து காட்டினேன். பாட்டி பார்த்துச் சிரித்தார். "இப்பிடி நடந்தா ஸ்டோருக்குப் போறதுக்குள்ள பாதிப் பால் மண்ணுல." துடைப்பக் கம்பையும் இரண்டு சின்ன வாளித் தண்ணீரையும் கொண்டுவரச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

ஃபிரேமை எண்ணினேன். ஓர் அடிக்கு எட்டு ஃபிரேம். முழங்கால் எப்போதும் சற்று மடங்கியே இருந்தது, அது நிமிரவே இல்லை. அதனால் தலை ஏறி இறங்கவில்லை, ஒரே மட்டத்தில் நழுவிப் போனது. கம்பு மட்டும் மேலும் கீழும் வளைந்தது. அந்த வளைவோடு அடி சேர்ந்து விழுந்தது. நடையும் இல்லை ஓட்டமும் இல்லை. தண்ணீர் சிந்தவில்லை. சிந்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "சிந்துனது கிராணியார் புக்குல ஏறாது." ஸ்டோரில் பாலை நிறுத்து, மெட்ரோலாக் குழாயை முக்கி, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் எழுதுவார்கள். மழை பெய்தால் வெட்டே இல்லை, வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. மடங்கிய அந்த முழங்காலுக்குள் கூலிமுறை முழுக்க இருந்தது. பாட்டிக்கு இன்றைக்கு இருக்கும் முட்டிவலியும் அங்கிருந்துதான் வருகிறது என்று நான் நினைக்கிறேன், மருத்துவர் வயசு என்கிறார்.

மலேசிய அனிமேஷனில் தமிழர்களே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'உப்பின் இப்பின்'இல் ராஜு இருக்கிறான், அவனுக்கு ஒரு மாடு இருக்கிறது, கடை வைத்திருக்கும் அங்கிள் முத்து இருக்கிறார். 2011இல் வந்த 'போபோய்போய்'இல் கோபால் இருக்கிறான், எதையும் தின்னும் பொருளாக மாற்றிவிடும் சக்தியோடு. கோபாலைப் பயந்தாங்கொள்ளியாகவும் சாப்பாட்டு ராமனாகவும் காட்டுகிறார்கள் என்று கோபப்படுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்குக் கோபாலைப் பிடிக்கும். அவன் வரும் காட்சிகளில்தான் டைமிங் நன்றாக இருக்கிறது. என் குறை வேறு. கம்போங்கின் மரவீடும் ஏணியும் முற்றமும் மலேசிய அனிமேஷனில் நுணுக்கமாக, பாசத்தோடு வரையப்பட்டிருக்கின்றன. லாட்டின் 'கம்போங் பாய்' தொடரிலிருந்து அது ஒரு மரபு. அப்படிப் பாசத்தோடு வரையப்பட்ட ஒரு தோட்ட லயத்தை, ஒரு பெரட்டுக் களத்தை, ஒரு ஆயாக் கொட்டகையை நான் இன்னும் திரையில் பார்க்கவில்லை. ராஜுவின் தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து அந்தக் கம்போங்குக்கு வந்தார்? மாடு தோட்டத்து மாடாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கலை இங்கே எந்த மண்ணில் படித்துத் தரப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நெகிரி செம்பிலானின் லாபு, நீலாய்ப் பக்கம் எல்லையைத் தாண்டினால் சிலாங்கூரின் செப்பாங் மாவட்டம். 1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் தொடங்கியபோது சைபர்ஜெயா அங்கே எழுந்தது. மல்டிமீடியா பல்கலைக்கழகம் அங்கே வந்தது. 'உப்பின் இப்பின்' நிறுவனத்தை உருவாக்கியவர்களில் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள் உண்டு. ஹாலிவுட்டின் ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனமும் சைபர்ஜெயாவில் ஒரு கிளை வைத்திருந்தது. 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய நிறுவனம். புதுச்சேரித் தமிழ்ப் பையனின் கதை. 2013 பிப்ரவரியில் அது திவால் மனு கொடுத்தது, அதே மாதம் அந்தப் படத்துக்காக ஆஸ்கரும் கிடைத்தது.

சைபர்ஜெயாவுக்குப் பக்கத்தில் புத்ராஜெயா. அது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் 1921இல் தொடங்கியதால் 'பெரும் போர்' என்று அந்தப் பெயர். உலகமெங்கும் நட்ட பிபி ரக ரப்பர் அங்கே உருவானதுதான். பிராங் பெசார், கேலோவே, மேடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. அந்தக் கட்டடங்களில் விரிசல் விழுந்ததும், தனி வீட்டுக்காக அந்த மக்கள் பல வருடம் போராடியதும் பத்திரிகைகளில் வந்த செய்தி. ஒரு தோட்டம் மறைந்து அனிமேஷன் படிக்கிற ஊர் பக்கத்தில் வந்தது என்று இதை ஒரே கோட்டில் இழுத்துவிடலாம். ஆனால் தாவல் வேண்டாம் என்றுதானே இவ்வளவு நேரம் பேசினேன். நடுவில் பெட்டி கட்டிய நாள் ஒன்று இருந்திருக்கும், கோயில் சாமியை எடுத்த நாள், நாயை விட்டு வந்த நாள். அவற்றை அங்கே இருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இன்பிட்வீன் வரைந்தவர்களின் பெயரும் பெரும்பாலும் திரையில் வருவதில்லை. 1914இல் வின்சர் மெக்கே 'கெர்ட்டி' என்ற டைனோசரை நடக்க வைத்தார், உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அந்தப் படத்தின் ஆயிரக்கணக்கான தாள்களிலும் பின்னணி மலையையும் மரத்தையும் திரும்பத் திரும்ப வரைந்தது ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற ஓவிய மாணவர். 1937இன் 'ஸ்னோ ஒயிட்'டில் ஒவ்வொரு செல்லுக்கும் மை தீட்டி வண்ணம் போட்டது டிஸ்னியின் பெண்கள் பிரிவு. திரும்பத் திரும்ப, பிசகாமல், ஒன்றரை மில்லிமீட்டர். இதைப் படித்தபோது எனக்கு ஏனோ பாட்டியின் நிரைதான் ஞாபகம் வந்தது.

என் படம் 15 நொடி, சத்தம் இல்லாமல். வகுப்பில் ஓடியபோது ஒருவர் அந்த நடை தப்பு, தலை ஏறி இறங்கவில்லை என்றார். விளக்கம் சொன்னேன். பால் என்றால் பசும்பாலா என்று இன்னொருவர் கேட்டார், அவர் கோலாலம்பூர்க்காரர், கித்தா மரத்தையே பார்த்ததில்லை. மதிப்பெண் பரவாயில்லை. ஆயாக் கொட்டகைக்கு ஓடுவது அதில் இல்லை. அந்த ஓட்டத்தை பாட்டியால் இப்போது ஓடிக் காட்ட முடியாது, அதைச் சொல்லைக் கேட்டுத்தான் வரைய வேண்டும். கைலி கட்டிய கால், ரப்பர் பூட்ஸ், சரிவு, வேர், ஈரம். ஓர் அடிக்கு ஆறு ஃபிரேம் வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து ஷீட் அடிப்பது. ஸ்டோரில் பாலை வடிகட்டி, அமிலம் ஊற்றி, தொட்டியில் உறைய வைத்து, உருளையில் கொடுத்து, புகைக்கொட்டகையில் தொங்கவிடுவது. உருளையில் ஒருவர் இந்தப் பக்கமிருந்து தள்ள, இன்னொருவர் அந்தப் பக்கம் வாங்குவாராம். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற அசைவு என்பதால் ஒருவரை மட்டும் படமெடுத்துப் பிரயோசனம் இல்லை. லாபுவில் அந்த வேலை பார்த்த தாத்தா ஒருவர் இருக்கிறார், தள்ளுகிற பக்கம் நின்றவர். வாங்குகிற பக்கம் நின்றவர் பகாவில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். இருவரையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். மழை பெய்தால் வேண்டாமாம்.